பெங்குயின் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. கறுப்பும் வெள்ளையுமாய், மஞ்சள் மூக்கோடு, தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெங்குயின். என் வீட்டுக்காரர் ஜெயராசா தன் மடிக்கணினி மூடியில் ஒட்டி வைத்த படம் அது. வின்டோசுக்குப் பதிலாகக் கம்பியூட்டரில் போடுகிற லினக்ஸ் என்ற அவருடைய பைத்தியத்துக்கு அடையாளம். மற்ற வீடுகளில் புருஷன்மார் சாராயத்தோடும் சீட்டுக்கட்டோடும் பொழுதைப் போக்கினால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். என்னுடையவர் கேர்னலோடு பொழுதைப் போக்கினார். நான் யாரைக் கூட்டுவது?

கேர்னல் என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"கம்பியூட்டருக்குள்ள ஒரு கங்காணி இருக்காருன்னு வச்சுக்க. கெமரா, கீபோர்ட், ஸ்கிரீன், அத்தனைக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கிறவரு அவருதான். புதுசா ஒரு சாமான் வந்தா அதோட பாஷை கங்காணிக்குத் தெரியணும். தெரியலன்னா அது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கும்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். எனக்கு அவ்வளவு போதும்.

ஜெயராசா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மாசி மாதம், பண்டாரவளையிலிருந்து வருகிற பஸ்ஸிலேயே நெஞ்சுவலி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. உடுப்பையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். மடிக்கணினியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. வினாத்தாள் அடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. பிற்பகலில் நான் அதில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும்: "டீச்சரம்மா, தண்ணி குடிச்சீங்களா?" என்னைக் கேலி செய்வதற்காக அவர் எழுதி வைத்தது. ஆள் போன பிறகும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நானும் எழுந்து போய்க் குடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்டேட் போடுவது அவருக்கு விரதம் மாதிரி. அவர் போன பிறகு நான் ஒன்றும் போடவில்லை. அவர் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று, கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்பதை அழுத்திக்கொண்டே வந்தேன். போன கிழமை என்ன நினைப்பில் இருந்தேனோ, "இப்போது" என்பதை அழுத்திவிட்டேன். சுற்றியது, சுற்றியது, அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்த திரை, விளக்குத் திரியை இறக்கிவிட்ட மாதிரி மங்கிப்போயிருந்தது. எழுத்து இருக்கிறது, படிக்க முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுவதுபோல் காட்டிவிட்டு மறுபடி இறங்கிவிடுகிறது. என்னைத் தவிர யாரும் தொடாத சாமானை நானே கெடுத்துவிட்டேனே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு ஹாலிஎலவில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன்.

பதுளை பஜாரில், தன் அப்பாவுடைய இரும்புக் கடைக்கு மேல்மாடியில் கம்பியூட்டர் திருத்துகிற விஜேந்திரன், ஜெயராசாவுக்குத் தம்பி மாதிரி. இருவரும் சேர்ந்து கெடுத்த கம்பியூட்டர்கள்தான் இந்த ஊரில் அதிகம்.

"வாங்க அண்ணி. ஒரு கோல் எடுத்திருந்தா நானே வந்திருப்பேனே."

"தம்பி, முதல்லயே சொல்லிடுறேன். என்ன வேணும்னாலும் செய்ங்க. இதுல ஒண்ணையும் அழிக்கக் கூடாது."

"நான் ஏன் அண்ணி அழிக்கப்போறேன்?"

ஏனென்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது அவனுக்குக் கை வந்த பழக்கம். அது எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஜெயராசாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு. வீட்டில் கம்பியூட்டர் கிடையாது. பண்டாரவளை நெட் கடையில் உட்கார்ந்து, லினக்ஸ் சீடியை இலவசமாகத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று படித்துவிட்டுத் தோட்டத்து விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். தோட்டத்துக் கடிதமெல்லாம் முதலில் ஆபீசுக்குத்தான் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கிளாக்கர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அன்றைக்கு அவர் வெளிநாட்டு முத்திரை குத்திய தடித்த உறை ஒன்றைத் தூக்கிப் பிடித்து "ஜெயராசா" என்றதும் கூடையோடு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். மாமனார் கந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று லயம் லயமாகச் சொல்லி, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்துவிட்டார். உறையைப் பிரித்தால் வட்ட வட்டமாகச் சீடிகள்! அதன் பிறகு ஒரு மாதம் அப்பாவும் மகனும் பேசவில்லை.

அந்தச் சீடிகளில் ஒன்று விஜேந்திரனுக்கு வந்தது. அதைத் தன் அப்பாவின் கம்பியூட்டரில் போட்டு, அவர் சேர்த்து வைத்திருந்த பக்திப் பாட்டு அத்தனையையும் துடைத்து எடுத்துவிட்டான். இன்னொன்று எனக்கு வந்தது. டியூஷன் வகுப்பு வாசலில் வைத்து, காதல் கடிதம் கொடுக்கிற மாதிரி வேர்த்து விறுவிறுத்துக் கொடுத்தார். அப்போது நான் கம்பியூட்டரைத் தொட்டதுகூட இல்லை. அம்மா அதைப் போஞ்சிக்காய்த் தோட்டத்தில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டாள். வெயில் பட்டுப் பட்டு அது மின்னியதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நான் பரீட்சைக்குப் படித்தேன். அந்த நாட்களைத் திருப்பித் தருகிறோம் என்றால் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவேன்.

விஜேந்திரன் மடிக்கணினியை முடுக்கி, ஏதோ ஒரு விசையை அழுத்திப் பிடித்தான். வரிசையாகச் சில பெயர்கள் வந்தன.

"இது புதுக் கேர்னல். அதுக்குக் கீழ இருக்கிறது பழசு. லினக்ஸ் பழசை உடனே தூக்கிப் போடாது அண்ணி, ஒரு பாதுகாப்புக்கு வச்சிருக்கும். பழசுல போட்டுப் பாப்போம்."

போட்டான். திரை பளிச்சென்று வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பிவிட்டது.

"போதும் தம்பி. பழசே இருக்கட்டும். மூடிக் குடுங்க, நான் போறேன்."

"இருக்காது அண்ணி. இன்னும் ரெண்டு அப்டேட் வந்தா பழசு தானாக் கழண்டு போயிரும். அப்டேட்டே போடாம நெட்டுல திரியவும் ஏலாது, ஆபத்து. புதுசுலதான் சரி பண்ணணும்."

பழையது தானாகக் கழன்று போய்விடும் என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறானே என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவன் மறுபடி புதுக் கேர்னலை எழுப்பி, எழும்புகிற நேரத்தில் ஆங்கிலத்தில் என்னென்னவோ கட்டளை சேர்த்துப் பார்த்தான். திரையை ஓட்டுகிற ட்ரைவர் என்ற மென்பொருள்தான் ஒத்துப்போகவில்லை என்றான். ஒவ்வொரு தடவையும் திரை வெளிச்சமாகவே எழும்பும். உள்ளே போனதும் மங்கிவிடும். பிளேன்டீ வந்து ஆறியது. கீழே இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. கடைசியில் அவன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஃபைல் எல்லாத்தையும் பத்திரமா வேற ஒண்ணுல எடுத்து வச்சிட்டு, புதுசாப் போட்டுருவோமா? வின்டோஸ் போட்டா இந்தத் தலையிடியே இருக்காது."

"வின்டோசா? இதுலயா? உங்க அண்ணன் எழும்பி வந்துருவாரு. ஃபைல் எனக்கு எதுக்குத் தம்பி? அவரு கை வச்ச மாதிரி இது இருக்கணும். அதுதான் எனக்கு வேணும்."

அந்த நேரம் பார்த்து மங்கல் திரையின் மூலையில் சின்னப் பெட்டி வந்தது. விஜேந்திரன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு எழுந்து போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அதற்குப் பிறகு வின்டோஸ் என்ற பேச்சை எடுக்கவில்லை.

"ஒருவேளை ஸ்கிரீனுக்குள்ள லைட்டே போயிருக்கோ? டோர்ச் அடிச்சுப் பாப்போம்" என்று கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டுத் திரையின் மேல் மெல்ல ஓட்டினான். விளக்கு மேல் விளிம்புக்குப் போனதும் திரை பிரகாசமானது. விளக்கை எடுத்தான், மங்கியது. வைத்தான், கூடியது. என்னோடு விளையாடுகிறானோ என்றுகூட நினைத்தேன். அவன் குனிந்து, கெமராவுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"அண்ணி, இது என்ன?"

சந்தனமும் குங்குமமும். சரஸ்வதி பூசைக்கு அவர் வைத்த பொட்டு. பூசையன்று அவர் வீட்டில் எதையும் விடமாட்டார். மிக்சி, தையல் மெஷின், கடைசியாக மடிக்கணினி. போன நவராத்திரிக்கு வீட்டில் அவர் போன துடக்கு, பூசை இல்லை. இது அதற்கு முந்திய வருடத்துப் பொட்டு. காய்ந்து, வெடித்து, திரையின் கறுப்புச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் அதற்கு நேராக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அது வழியை மறிக்கும் என்று யார் கண்டது?

விஜேந்திரன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். "கெமராவை மறைக்கக் கூடாதுன்னு பார்த்து ஒதுக்கி வச்சிருக்காரு. ஒதுக்கி வச்ச இடத்துலதான் வெளிச்சம் பாக்கிற சென்சர் இருக்கு. வெளிய வெளிச்சம் குறைஞ்சா ஸ்கிரீனையும் குறைக்கிற சாமான் அது. பழைய கேர்னலுக்கு அதோட பாஷை தெரியாது, அதனால சும்மா கிடந்துச்சு. புதுசுக்குத் தெரியுது. பொட்டு மறைச்சிருக்கிறதால இருட்டுன்னு நெனச்சு ஸ்கிரீனைக் குறைக்குது. வேற ஒரு கோளாறும் இல்ல!"

அவன் ஒரு துணியை நனைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். "சரி அண்ணி, சரி. துடைக்க வேணாம். செட்டிங்ல அந்தச் சென்சரை நிப்பாட்டிடுறேன். ஒரு தட்டுத்தான். பொட்டு பொட்டாவே இருக்கட்டும்." மவுசை நகர்த்திக்கொண்டு போனவன் பாதியில் நின்றான். "ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தச் சென்சருக்காக அண்ணே எவ்வளவு மெனக்கெட்டாரு தெரியுமா? லினக்ஸ்ல இது வேலை செய்யலன்னு கேர்னல் எழுதுறவங்களுக்கு முறைப்பாடு மேல முறைப்பாடு அனுப்புனாரு. அவங்க கேட்ட விபரம் எல்லாம் எடுத்துக் குடுத்தாரு. டீச்சருக்கு ராத்திரியில கண்ணு கூசுது, அதுதான்டா வேணும்னு சொல்லுவாரு. இப்பத்தான் வந்திருக்கு. அவரு பாக்கல."

அவர் கை வைத்த பொட்டு ஒரு பக்கம். என் கண்ணுக்காக அவர் கேட்டுக் கேட்டு வாங்கியது இன்னொரு பக்கம். இதை வைத்தால் அதை அணைக்க வேண்டும்; அது வேண்டுமென்றால் இதைத் துடைக்க வேண்டும். அவர் காரியம் எப்போதும் இப்படித்தான், என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் ஓயும். வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று ஒரு வருடம் காவல் இருந்தேன். ஞாயிறு தோறும் எதையாவது மாற்றாமல் இருக்க முடியாத மனுஷனுக்கு அப்படி ஒரு காவல்!

"நிப்பாட்ட வேணாம் தம்பி" என்றேன். "துணியும் வேணாம்."

அவர் போன அன்று என் நெற்றியைத் துடைத்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரத் துணியால் ஒரே இழுப்பு, அவ்வளவுதான். அப்படி இதைத் துடைக்க நான் யாரையும் விடப்போவதில்லை. கிளாசில் இருந்த தண்ணீரில் மோதிர விரலை நனைத்து அந்தப் பொட்டின் மேல் வைத்தேன். காய்ந்த சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இன்னும் வாசம் இருந்தது. அவசரப்படாமல், ஒரு துணுக்கும் கீழே விழாமல், அத்தனையையும் விரலில் எடுத்தேன். திரை மெல்ல மெல்ல வெளிச்சமாகி முழுசாக விரிந்தது. விரலில் இருந்ததை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

விஜேந்திரன் எங்கோ பார்த்து மூக்கை உறிஞ்சினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, பொட்டு கொஞ்சம் கோணலா இருக்கு."

"அவரு வச்சா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.