நாலேகாலுக்கு வரும் மூடுபனி

குன்னூரில் பெட்ஃபோர்டு பகுதிக்குக் கீழே, சரிவில் சுகுணா வாங்கிய மூன்று அறை ஓட்டு வீட்டில் அவளுக்கு முன்பிருந்தே ஒரு மூடுபனி குடியிருந்தது. தினமும் மாலை நாலேகாலுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து முன்வாசல் வழியாக உள்ளே போகும், காலை ஏழரைக்கு அதே வாசல் வழியாகப் புறப்படும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகாது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். பால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி அதற்கு வழிவிடுவார். தெரியாதவள் சுகுணா ஒருத்திதான், ஏனென்றால் தரகர் ஆறுமுகசாமி அவளுக்கு வீட்டைக் காட்டியது பிப்ரவரி மாதத்தில், உச்சி வெயிலில். அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள், ஓட்டை எண்ணிப் பார்த்தாள், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தாள். வில்லங்கச் சான்றிதழில் மூடுபனியைக் காட்டுவதற்கு இடம் கிடையாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை வாட்டும் மாடியில் பதினாலு வருடம் வேலை பார்த்தவள் சுகுணா. அவளும் கணவன் விஜயனும் எஸ்டேட் லயத்தில், கம்பெனி கொடுத்த வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். வேலை போனால் வீடும் கூடவே போகும் என்பதை இரண்டு குடும்பத்திலும் பார்த்திருந்தார்கள். அதனால் ஃபேக்டரியை மூடியபோது கிடைத்த செட்டில்மென்ட் முழுவதையும் அவள் இந்த வீட்டில் போட்டாள். இதை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் அடுத்த வீடு, பிறகு அதற்கடுத்தது என்று மனதுக்குள் ஒரு தெருவே கட்டி வைத்திருந்தாள். இந்த வீடு கைகொடுக்காவிட்டால் இரண்டாம் தடவை முயன்று பார்க்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

முதலில் வந்த தம்பதி ஒரு ஞாயிறு முழுவதும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியாமல் அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்து, திங்கட்கிழமை காலி செய்தார்கள். அடுத்து வந்த கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு உப்பு தண்ணீராகிப் போனது, தீக்குச்சி பற்றவில்லை, டிகிரி சர்டிபிகேட் அப்பளம் போலச் சுருண்டது. மூன்றாவது ஆள் சாமானையே இறக்கவில்லை. ஆறுமுகசாமி குடையோடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க சுகுணாம்மா, அது பாட்டுக்கு இருக்குமுங்க, ஒரு தொந்தரவும் பண்ணாது. ஆனா ஆளுங்க நிக்க மாட்டாங்க. தீபாவளிக்குள்ள சொல்லுங்க, பாதி வெலைக்கு நானே எடுத்துக்கறேன்."

"விக்கறப்ப இத ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

தீபாவளிக்கு நான்கு மாதம் இருந்தது. சுகுணா முதலில் கதவு ஜன்னல்களை அடைத்தாள். மூடுபனி சாவித் துவாரம் வழியாக, நூல் கோப்பது போலப் பொறுமையாக உள்ளே வந்தது. கரி அடுப்பை மூட்டினாள். அது ஓட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கரி அணைந்ததும் இறங்கியது. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பெரிய ஃபேனை விஜயனின் பிக்கப் வண்டியில் ஏற்றி வந்து ஓட்டியபோது, அது மரியாதையாக வெளியே போய் ரோட்டில் நின்றது. கரண்ட் போனதும் திரும்பி வந்தது.

"வாடகை தர்றவங்க ஒருத்தரும் நிக்கல, தராதது மட்டும் நிக்குது. நல்ல ராசிதான் போ!" என்றான் விஜயன்.

"நிக்குதுல்ல? அதுகிட்டயிருந்தே ஆரம்பிப்போம்" என்றாள் சுகுணா.

ஒரு வாரம் அந்த வீட்டிலேயே ஸ்வெட்டரோடு உட்கார்ந்து மூடுபனியைக் கவனித்தாள். வாட்டும் மாடியில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: ஈரத்தை மிரட்டி விரட்ட முடியாது, அதற்கு ஒரு வழியைக் காட்டி அனுப்ப வேண்டும். கூடத்தைக் கடந்ததும் அது எப்போதும் பின்னறைக்குள் போவதையும், அந்த அறை நிரம்பி வழிந்த பிறகே மற்ற அறைகளுக்கு வருவதையும் பார்த்தாள். பின்னறை வடக்குப் பார்த்தது, மற்ற தரையைவிட ஒரு படி தாழ்வு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே பள்ளம் தேடும். அப்படியானால் பள்ளம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை. விஜயனும் அவளுமாகப் பின்னறைத் தரையை இன்னும் மூன்றடி தோண்டினார்கள். பிறகு நாற்றுப்பண்ணையில் கட்டும் பச்சை நிழல்வலையை வாங்கி, சுவருக்குச் சுவர் திரைபோல ஏழு வரிசை தொங்கவிட்டாள். மூடுபனி என்பது தண்ணீர்தான். ஆனால் ஒவ்வொரு துளியும் கீழே விழக்கூட எடையில்லாத அளவு சிறியது. வலையின் இழையில் பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அடுத்த துளி வந்து அதோடு சேரும், சேர்ந்து சேர்ந்து கனம் கூடியதும் இழையோடு வழிந்து இறங்கும். வலைக்கு அடியில் தகரத்தில் ஒரு கால்வாய், கால்வாயிலிருந்து குழாய், சரிவில் கீழே வைத்த சின்டெக்ஸ் தொட்டிக்கு.

முதல் நாள் மூடுபனி வாசற்படியில் தயங்கியது. பிறகு இறங்கிப் பார்த்தது, வலைகளுக்கு நடுவே கையைக் காலை நீட்டிப் படுத்தது. காலையில் மற்ற இரண்டு அறைகளும் உலர்ந்திருந்தன. தொட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது. தீபாவளிக்கு வந்த ஆறுமுகசாமிக்கு அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்து, வீட்டை விற்பதாக இல்லை என்றாள். அவர் டீ நன்றாக இருப்பதாக மட்டும் சொன்னார்.

அடுத்த ஏப்ரலில் குன்னூரில் வழக்கம்போலப் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விட்டார்கள். தையல் கடை நடத்தும் ரோஸ்மேரி இரண்டு காலிக் குடங்களோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க ஊட்டுல டெய்லி தண்ணி வருதாமே, நெசமா?"

"வருது. ஆனா பின்னாடி ரூம்ல ஆள் இருக்கு."

"யாரு, பேச்சிலருங்களா?"

"மிஸ்ட்டு."

ரோஸ்மேரி கொஞ்சம் யோசித்தாள். "குடிச்சுட்டு சத்தம் போடுமா?"

"வாயே தொறக்காது."

"அப்ப எங்க மேல் ஊட்டுக்காரருக்கு எவ்வளவோ தேவலைக்கா. எப்ப வரட்டும்?"

ரோஸ்மேரி ஓர் அறையிலும், ஒரு பேங்க் ஊழியர் இன்னொன்றிலுமாக இரண்டு வருடம் போனது. யாரும் காலி செய்யவில்லை. மூன்றாம் வருடக் கோடையில் மூடுபனி நான்கு நாள் வரவில்லை. பால்காரர்கூட விசாரித்தார். ஐந்தாம் நாள் நாலேகாலுக்குச் சரியாக வந்தது. அதன் பின்னால், இடுப்பளவு உயரம்கூட இல்லாத இன்னொரு மூடுபனி, சற்று வெளுப்பாக, படியில் தடுக்கித் தடுக்கி ஏறி வந்தது. அன்றைக்குக் கூடத்திலும் கொஞ்சம் ஈரம் தங்கியது.

அந்த வாரமே சுகுணா பக்கத்து வீட்டை விலை கேட்டாள். ஆறுமுகசாமி சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டு, சுவரின் உறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தாள். தண்ணீர் யோசிக்காமல் கிழக்கறைக்குப் போய், மூலையில் தேங்கி நின்றது. "சின்னதுக்கு இது போதும்" என்று அட்வான்ஸைக் கொடுத்தாள். விஜயன் கடப்பாரை எடுத்துவரப் போனான்.