மேல் வீட்டு ஓவன்

எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. என் தகப்பனார் குமாஸ்தா வேலைக்காகத் தில்லி வந்து பூசா ரோடு பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தபோதும் வந்ததில்லை. நான் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெறும்வரையும் வந்ததில்லை. என் மகன் அர்விந்துக்குக் கிடைத்த இந்த மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கும் வராது என்றுதான் இருந்தேன். இப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைக்கு முட்டை அலர்ஜி என்றால் கேட்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரித்தார்கள். "முட்டையே சாப்பிடாதவாளுக்கு அலர்ஜி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன ஓய்?" என்று கோயில் பிராகாரத்தில் கஸ்தூரிரங்கன் கேட்டார். நானும் அதையேதான் டாக்டரிடம் கேட்டேன்.

அந்த அம்மாள் பஞ்சாபி. பொறுமையாக இந்தியில் பதில் சொன்னாள். என் பேத்தி அபூர்வா முட்டையைக் கேட்டு வாங்கித் தின்னவில்லை. ப்ளே ஸ்கூலில் எவனோ பிறந்தநாள் என்று நீட்டிய கேக்கில் ஒரு வாய்தான் தின்றாள். மூச்சு இழுத்துக்கொண்டது. "இன்னும் எத்தனை பிறந்தநாள் வரும் அங்கிள்? எல்லா வீட்டு வாசலிலும் நீங்கள் போய் நிற்பீர்களா?" என்றாள்.

சரி, மருந்து கொடு என்றேன். அவள் சொன்ன மருந்து முட்டை.

மாவில் துளியளவு முட்டை கலந்து, நன்றாக வேகவைத்த சின்ன கேக். முதல் தடவை ஆஸ்பத்திரியில் அவர்கள் கண்ணெதிரே. ஒன்றும் ஆகாவிட்டால் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள். உடம்பு பழகிய பிறகு அடுத்த படி. அவ்வளவுதான் வைத்தியம். ஆஸ்பத்திரியில் குழந்தை ஒரு துணுக்குத் தின்றாள், ஒன்றும் ஆகவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் ஆரம்பித்தது சண்டை.

"எங்காத்து அடுப்புல அதை ஏத்த முடியாது" என்றேன்.

"அடுப்புல இல்லைப்பா, ஓவன்ல" என்றாள் மருமகள் சுபாஷிணி.

"எதுல ஏத்தினாலும் சமையலுள்தானே?"

"அப்போ பாத்ரூம்ல வெச்சுக்கலாமா?"

அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. அர்விந்த் எப்போதும்போல நடுவில் புகுந்தான். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கோ. மேல லீலாவதி மாமி கேக் பண்றாளே, அவகிட்ட கேட்டாப் போச்சு."

லீலாவதி எங்களுக்கு மேல் வீடு. முட்டை போடாத கேக் செய்து நம்மவர்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கொடுப்பவள். மடி ஆசாரம் தெரிந்த பெண். இப்படி ஒரு காரியத்தைக் கேட்க மகனையோ மருமகளையோ அனுப்புவது மரியாதையில்லை என்று நானே படியேறிப் போனேன்.

"பேத்திக்குத் துளி முட்டை போட்டு ஒரு கேக் வேணும். ஒரு தனி டின் வெச்சுக்கோ. மத்ததோட சேர்க்காதே. டப்பாவை மூடிக் கொண்டு வா. வேற ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்களே வந்து கேக்கறேள். மாட்டேன்னு எப்படிச் சொல்றது மாமா? ஆகட்டும்" என்றாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அன்றிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் கேக் வந்தது. பால்கனியில் செய்தித்தாள் விரித்து அபூர்வாவை உட்காரவைத்துச் சுபாஷிணி ஊட்டுவாள். அந்த நேரத்தில் நான் பூஜை அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். குழந்தைக்கு ஒரு தடிப்பில்லை, ஒரு இருமலில்லை. குளிர்காலம் போய் வெயில் வந்தது. கஸ்தூரிரங்கனிடம், "நம்ம ரத்தம் ஓய், எதையும் ஜெயிச்சுடும்" என்றுகூடச் சொன்னேன்.

டாக்டருக்கும் சந்தோஷம். அடுத்த படிக்குப் போகலாம் என்றாள். இன்னும் கொஞ்சம் கூடுதல் முட்டை, மாவில் கரைத்துத் தோசைபோல வார்த்தது. சூடாகக் கொடுக்க வேண்டும் என்பதால் மேல் வீட்டிலிருந்து வரவழைக்க முடியாது. பால்கனியில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சுபாஷிணியே வார்த்தாள். முட்டையை அர்விந்த் எங்கிருந்தோ சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். நான் வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"தாத்தா, கலே மே குஜ்லி" என்று அபூர்வா சொன்னது காதில் விழுந்தது. தொண்டை அரிக்கிறதாம். திரும்பினேன். உதடு இரண்டும் வீங்கி, அவள் முகம் யாரோ வேற்றுக் குழந்தையின் முகமாக இருந்தது.

காரில் அவள் மூச்சு விசில் அடித்தது. சுபாஷிணி அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று அர்விந்தை விரட்டினாள். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூச்சு சீரானதும் டாக்டர் கேட்டாள்: "இத்தனை நாள் கேக் தின்று பழகிய குழந்தைக்கு இப்படி ஆகக் கூடாதே. அந்தக் கேக்கைச் செய்தது யார்?"

மறுநாள் வீடு திரும்பினோம். சாயங்காலம் லீலாவதி பார்க்க வந்தாள். சோபாவில் படுத்திருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

"ஒரு நாள்கூடப் போடலை மாமா."

"என்னது போடலை?"

"முட்டை."

சுபாஷிணி கையிலிருந்த டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"பொய் சொல்லிக் குழந்தைக்குக் கொடுத்தியா?" நான் கத்தினேன். "உயிர் போயிருந்தா? உன்னை நம்பித்தானே படியேறி வந்தேன்?"

"நீங்க வந்ததுனாலதான் மாமா!" அவளும் குரலை உயர்த்தினாள். என்னிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "மாட்டேன்னு உங்ககிட்ட யாரால சொல்ல முடியும்? போன நவராத்திரிக்கு மூணாவது மாடி சுரேஷ்குமார் ஆத்துல என்ன பண்ணினேள்? ஃப்ரிட்ஜ்ல முட்டையைப் பார்த்துட்டு சுண்டலை வேண்டாம்னேள். தண்ணிகூடக் குடிக்காம எழுந்து வந்தேள். அதுக்கப்புறம் அந்தாத்துப் பொண்ணு அகல்யா ஒரு மாசம் வெளியில தலைகாட்டலை. நாளைக்கு என் ஆத்துக்கும் அதே கதிதானே? என் ஓவன்ல முட்டை ஏறினதுன்னு தெரிஞ்சா அப்புறம் யார் எங்கிட்ட கேக் வாங்குவா? முட்டை இல்லாட்டா குழந்தைக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லையேன்னு நினைச்சேன். இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னா கேக்கணும்!"

"கேட்டா பேசுவேளா? டப்பாவை மூடு, தனி டின் வை, யாருக்கும் தெரியக் கூடாது. இதைத் தவிர என்ன சொன்னேள் எங்கிட்ட? இது மருந்துன்னு ஒரு வார்த்தை சொன்னேளா?"

சொல்லவில்லை. வீட்டு வியாதியை மேல் வீட்டில் எதற்கு விஸ்தரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். பேத்திக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லீலாவதி மேலா, டாக்டர் மேலா, அந்த ப்ளே ஸ்கூல் மேலா? ஒரு கோழியின் முட்டைக்குப் பயந்து ஒரு குடும்பம் இப்படி நிற்பதா?

சுபாஷிணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம்பா. முதல்ல ஆஸ்பத்திரியில. அப்புறம் வீட்டுல. இந்தத் தடவை நம்மாத்து சமையலுள்ள, நானே பண்றேன். முடியாதுன்னா சொல்லிடுங்கோ. குழந்தையை எடுத்துண்டு வேற வீடு பார்த்துக்கறேன்."

அர்விந்த் நடுவில் புகவில்லை.

ஆஸ்பத்திரிக் காரியம் முடிந்த மறுநாள், பையை எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். சட்டைக்குள் மறைத்து என் வீட்டுக்குள் எதுவும் வர வேண்டியதில்லை. பெரியண்ணன் கடையில்தான் காப்பிப் பொடியும் அப்பளமும் வாங்குவது வழக்கம்.

"முட்டை எங்க கிடைக்கும்?" என்றேன்.

அவர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருக்கு சார்?"

"எங்காத்துக்கு."

எதிர்க் கடையிலிருந்து வாங்கிவந்து, குரலைத் தாழ்த்தி, "கறுப்புப் பையில சுத்தித் தரட்டுங்களா சார்? வெளிய தெரியாது" என்றார். நல்ல மனுஷர். எனக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார்.

"வேண்டாம். அப்படியே கொடும்."

அட்டைத் தட்டில் வைத்த முட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு, குவார்ட்டர்ஸ் முற்றத்தின் நடுவாகவே நடந்து வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சு நின்றது. அகல்யாவும் அங்கே இருந்தாள். வணக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். மேலே பால்கனியில் லீலாவதி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. பார்க்கட்டும் என்றே நடந்தேன்.

சமையலறையில் சுபாஷிணி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். புது ஓவன் மேடையில், காப்பி ஃபில்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பார்க்கவே எரிச்சலாக வந்தது.

"நீங்க போய் உள்ள உட்காருங்கோப்பா. வாசனை பிடிக்காது உங்களுக்கு."

"போக மாட்டேன்."

"ஏன்?"

"நீ போடறதை நான் கண்ணால பார்க்கணும். இனிமே ஒருத்தர் வார்த்தையையும் நம்பறதா இல்லை."

மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன். பெரிய கிண்ணம் மாவுக்கு ஒரு முட்டை, குழந்தைக்கு அதில் ஒரு துணுக்கு என்பது டாக்டர் கணக்கு. அவள் முட்டையைக் கிண்ண விளிம்பில் தட்டினாள். வழவழவென்று அது மாவில் இறங்கியது. குமட்டியது. முகத்தைத் திருப்பவில்லை.

"போட்டாச்சு" என்றாள்.

"முழுசா விழலை. ஓட்டுல ஒட்டிண்டிருக்கு பார். அதையும் வழிச்சுப் போடு" என்றேன்.