பத்தாவது படத்தின் கண்கள்

போட்டோ திருத்தும் வேலைக்கான நேர்காணலுக்குப் பத்துப் படங்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது, மாலை வகுப்பில் செய்த பயிற்சிகள். பத்தாவது, நான் முன்பு வேலை பார்த்த ஸ்டூடியோவில் திருத்தியது. அது இல்லாவிட்டால் இந்த வேலையை மறந்துவிடு என்று வகுப்பு ஆசிரியர் சொல்லிவிட்டார். கேட்காமல் அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பழைய முதலாளிக்குப் போன் செய்தேன்.

"கடைப் பேரை எடுத்துட்டு வச்சுக்கம்மா. ஆனா அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. அவங்க பொண்ணு முகமாச்சே."

விபத்தில் இறந்த பெண். தெளிவாக இருந்த ஒரே படத்தில் கண்ணை மூடியிருந்தாள். "திறந்து குடுங்க" என்று அவள் அம்மா முதலாளியிடம் கேட்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்று, படத்தில் இருந்த அதே இடப்பக்க வெளிச்சத்தில் என் கண்களைப் படமெடுத்துப் பொருத்தினேன். இமையை மட்டும் மூன்று முறை திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. நேர்காணலுக்காக அடுக்கிய ஆல்பத்தைப் புரட்டிய என் அக்காதான் கண்டுபிடித்தாள்.

"திருட்டு முழி முழிக்கிறாளே. அப்படியே நீதான்டி."

நேற்று மதியம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கேட்க வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்களை மட்டும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் விலகி வழிவிட்டார்.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"

"அம்மா, நான் ஸ்டூடியோவில இருந்து..."

"சரி, மொதல்ல உக்காரு. இளைச்சுப் போயிட்டே."

எதிர்ச் சுவரில் அந்தப் படம். நான் தலையைக் குனிந்தேன்.

"நிமிருடி. கண்ணு தெரியல."

நிமிர்ந்தேன். தாள் கைக்குள் கசங்கியது. ஒரு மணி நேரம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கிளம்பும்போது, "நாளைக்காவது சீக்கிரம் வா" என்றார். "சரிம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

இன்று காலை பத்தாவது படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். நேர்காணல் செய்தவர் இரண்டு முறை எண்ணினார்.

"பத்து கேட்டோமே. ஒண்ணு குறையுதே?"

"வீட்ல இருக்கு சார்."

"அப்ப அதையும் எடுத்துட்டு இன்னொரு நாள் வாங்க" என்று ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

படியிறங்கும்போதுதான் எந்த வீட்டை நினைத்துச் சொன்னேன் என்று உறைத்தது. மணி மூன்று. அந்தம்மா சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்.