கீழே இருக்கும் பெயர்

நார்பர்ட் ஸாஸ்ட்ரோ தன் வீட்டு வாசலில் நட்ட தேர்தல் அட்டையைக் கத்தரியால் வெட்டினார். மேலே பெரிய எழுத்தில் டெக்கர்ட். அவர் அதிபர் பதவிக்கு நிற்பவர். கீழே சின்ன எழுத்தில் கெல்பர். அந்த அம்மாள் அவரோடு துணை அதிபர் பதவிக்கு நிற்பவர். நார்பர்ட் மேல் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கீழ் பாதியை மட்டும் புல்லில் ஊன்றினார். அது முழங்கால் உயரம்கூட வரவில்லை. கெல்பர் என்பது வீட்டுத் தரகரின் பெயர் என்று நினைத்து இரண்டு பேர் வந்து விலை கேட்டார்கள்.

நான் அந்த வீட்டின் அடித்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இரவில் ரொட்டி ஆலையில் வேலை, பகலில் தூக்கம். நார்பர்ட் இருபத்தாறு வருடம் எங்கள் ஊர் காகித ஆலையில் வேலை பார்த்தவர். அதை வாங்கி, பதினோரு மாதம் நடத்தி, இயந்திரங்களைக் கழற்றி விற்று, இழுத்து மூடியது டெக்கர்டின் நிறுவனம்தான். விஸ்கான்சினில் இப்படி மூடிய ஊர்கள் நிறைய. ஆனால் மூடியவரே வந்து ஓட்டுக் கேட்டது எங்கள் ஊரில்தான்.

அந்த ஆளோடு ஆர்டிஸ் கெல்பர் ஏன் சேர்ந்தார் என்று யாருக்கும் புரியவில்லை. மாட்டு வைத்தியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். தொலைக்காட்சி விவாதத்தில் அவரிடம், நாட்டில் மூடிப்போன கிராமத்து மருத்துவமனைகள் எத்தனை என்று கேட்டார்கள். “எனக்குத் தெரியாது, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றார். ஒரு வாரம் அதை வைத்துக் கேலி செய்தார்கள். மறுநாள் அவர் ஏதோ ஒரு கடை வாசலில் நின்று எண்ணிக்கையைச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. நார்பர்ட் கவனித்தார். அந்த எண்ணைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்தார்.

“ஆலையை மூடினப்போ எத்தனை பேர் வந்து பேசினானுங்க. ஒருத்தனாவது தெரியாதுன்னு சொன்னானா? எல்லாவனுக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு.”

“அப்ப டெக்கர்டுக்குப் போடப் போறீங்களா?”

“அவனுக்கு எவன் போடுவான்? அவளுக்குப் போடப் போறேன்.”

“சீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து நிரப்ப ஒரே வட்டம்தான், பெருசு.”

“அதைப் பாத்துக்கலாம்.”

தேர்தல் நாளில் வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்தில். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருந்தார்கள். ஆள் கிடைக்காமல் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். ரொட்டி ஆலையிலிருந்து நேராக வந்திருந்தேன், சட்டையெல்லாம் மாவு. சாவடிக்குப் பொறுப்பு லவோன், காகித ஆலை உணவகத்தில் சூப் ஊற்றியவர். பாதி ஊரில் யார் என்ன சாப்பிடுவார்கள் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நார்பர்ட் பத்து மணிக்கு வந்தார். சலவை செய்த சட்டை. வாக்குச்சீட்டை வாங்கி மறைப்புக்குள் போனார், ஐந்து நிமிடத்தில் வந்து சீட்டு எண்ணும் இயந்திரத்தில் நுழைத்தார். இயந்திரம் திருப்பித் துப்பியது. அதிபர் பதவிக்கு இரண்டு இடத்தில் குறி இருக்கிறது என்று திரையில் வந்தது.

“அந்த வட்டத்தையும் நிரப்பினேன், கீழே வேற பேர் எழுத விட்டிருக்கிற கோட்டுல அவ பேரையும் எழுதினேன். யாருக்காகப் போடுறேன்னு தெரியணும்ல?”

“என்கிட்ட சொல்லாத நார்பர்ட்டு, நான் கேக்கக் கூடாது” என்றார் லவோன். “ரெண்டு குறி இருந்தா அந்தப் பதவிக்கு ஓட்டே கிடையாது. வேற சீட்டுத் தர்றேன்.”

“கோட்டுல மட்டும் எழுதினா?”

“யார் பேர வேணா எழுதலாம். முன்னாடியே மனு கொடுத்தவங்க பேரை மட்டும்தான் எண்ணுவோம். போன தடவை ஒருத்தன் அவன் நாய் பேரை எழுதினான். நல்ல நாய்தான். எண்ணல.”

கெட்டுப்போன சீட்டை உறையில் போட்டு இரண்டாவதைக் கொடுத்தோம். உள்ளே போனார். இந்த முறை இயந்திரத்துக்கே போகவில்லை, என் மேசைக்கு வந்தார். டெக்கர்டின் பெயர்மேல் கறுப்புப் பேனாவால் அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழிந்திருந்தது.

“கை கொஞ்சம் அழுத்திடுச்சு” என்றார்.

லவோன் மூன்றாவது சீட்டை எடுத்தார். “இதோட முடிஞ்சுது. மூணுதான் சட்டம். இதையும் கெடுத்தேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“லவோனு, உன் புருஷனும் அங்கதானே வேலை பாத்தான்.”

“பாத்தான்.”

“அவன் போட்டானா?”

“அவன் செத்து மூணு வருஷம் ஆச்சு. சீட்ட வாங்கு, பின்னாடி ஆள் நிக்குது.”

மூன்றாவது சீட்டோடு உள்ளே போனவர் இருபது நிமிடம் வரவில்லை. மறைப்புக்குக் கீழே அவர் காலணிகள் அசையாமல் தெரிந்தன. வரிசையில் ஒரு பெண் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார், படிக்கிறார் என்று சொன்னேன்.

வெளியே வந்து சீட்டை நுழைத்தார். இயந்திரம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஒட்டுவில்லையை நீட்டினேன். வேண்டாம் என்றார்.

“போட்டுட்டேன்” என்று குனிந்து என் காதில் சொன்னார். “அந்த நாய்க்குப் போட்டுட்டேன்டா.”

“அந்த அம்மாவுக்கும்தானே.”

“வட்டம் அவன் பேர் பக்கத்துல இருக்கு.”

டெக்கர்ட் தோற்றார். எங்கள் ஊரிலும் தோற்றார், நாட்டிலும் தோற்றார். மறுநாள் மதியம் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசினார். மேலே சத்தம் கேட்டு எழுந்து போனேன். நார்பர்ட் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டெக்கர்ட் முப்பத்திரண்டு நிமிடம் பேசினார், பெரும்பாலும் தன்னைப் பற்றி. கெல்பர் அவருக்குப் பின்னால் குளிர்கோட்டோடு நின்றிருந்தார்.

“இப்ப மைக்கைக் கொடுப்பான் பாரு” என்றார் நார்பர்ட்.

கொடுக்கவில்லை. கையசைத்துவிட்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். கெல்பர் படியில் ஒரு கிழவருக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டது திரையின் ஓரத்தில் தெரிந்தது.

“என் ஓட்ட வாங்கினான்ல?”

“வாங்கினான்.”

“ஒரு நிமிஷம் அவளைப் பேச விட்டிருக்கலாம்.”

“விட்டிருக்கலாம்.”

தொலைக்காட்சியை அணைத்தார்.

“நாலு வருஷத்துல அவளே அதிபருக்கு நிப்பா.”

“நிக்கலாம்.”

“அப்ப துணைக்குன்னு எவனையாவது கூட நிறுத்துவானுங்க.”

யாரென்றே தெரியாத அவனை இப்போதே அவருக்குப் பிடிக்கவில்லை.