ஐந்தாவது சேலை

மூன்றே ஆண்டுகளில் சுகுணாவின் உறவுக்குள் நான்கு திருமணங்கள் நடந்தேறின. ஒவ்வொன்றிலும் பெண்கள் அனைவரும் ஒரே நிறச் சேலை உடுத்தியே மேடையேற வேண்டும் என்பது பெரியம்மா முனியம்மாள் இட்ட சட்டம். ஆதலால் வீட்டுக்கு வீடு நான்கு பாலியெஸ்டர் சேலைகள் சேர்ந்தன. ஒருமுறை கட்டியதை மறுபடி கட்டினால் எந்தக் கல்யாணத்துச் சேலை என்று ஊரே சொல்லிவிடும். எனவே அவற்றை எவரும் தொடவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் தையற்கடை வைத்திருக்கும் சுகுணா, சென்ற ஆடியில் அவற்றைக் கேட்டு வீடு வீடாகச் சென்றாள். முனியம்மாள் மோட்டார் கொட்டகையிலிருந்து மயில்நீலச் சேலையொன்றை இழுத்து வந்து போட்டாள்.

"எடுத்துட்டுப் போ. தொடைக்கக்கூட ஆகல, தண்ணியே இழுக்க மாட்டேங்குது."

சுகுணா கிழிசலையும் கறையையும் நீக்கினாள். நான்கு நிறங்களையும் பட்டை பட்டையாக இணைத்து ஒரே சேலையாக்கினாள். இணைப்புகளை மறைக்காமல், அவற்றின்மேல் சிவப்பு நூலால் சங்கிலித் தையல் ஓட்டினாள். முந்தானைக்கு மயில்நீலத்தை வைத்தாள்.

தை மாதம் அவளுடைய தம்பி குருவுக்குத் திருமணம் உறுதியாயிற்று. லாவண்டர் நிறச் சேலைக்குப் பெயர் கொடுக்கும்படி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முனியம்மாள் எழுதினாள். தனக்கு வேண்டாம், தன்னிடம் சேலை இருக்கிறது என்று சுகுணா பதில் எழுதினாள். அப்படியானால் மேடைக்கு வரவேண்டாம்; நாத்தனார் முடிச்சைத் தன் மகள் போடுவாள் என்று பெரியம்மா அறிவித்தாள். நாற்பது பேர் அதைப் படித்தனர்.

தாய் தந்தையை இழந்த பிறகு குருவுக்குப் பள்ளிச் சட்டை முதல் வேலைக்குப் போன முதல் நாள் சட்டை வரை தைத்துக் கொடுத்தவள் சுகுணா. அவன் கட்டும் தாலிக்கு மீதி இரண்டு முடிச்சுகளைத் தன் கையால் போடுவதைவிடப் பெரிதாக அவள் எதையும் விரும்பியதில்லை. குருவோ தொலைபேசியில் கெஞ்சினான்.

"அரை மணி நேரம் மட்டும் கட்டிக்கோக்கா."

"அந்த அரை மணி நேரத்துக்கப்புறம் அது எங்கடா போவுது? அதைச் சொல்லு, கட்டிக்கறேன்."



கம்பைநல்லூர் மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்கியது. லாவண்டர் கூட்டத்தினிடையே நான்கு நிறச் சேலையுடன் சுகுணா நடந்து வந்தபோது, கடையில் மிஞ்சிய துண்டுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாளா என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். சுகுணா தலை குனியவில்லை. மேடைப் படியில் முனியம்மாள் குறுக்கே நின்றாள். மணப்பெண்ணின் பின்னால் பெரியம்மாவின் மகள் தயாராக நின்றிருந்தாள்.

"ஒட்டுப் போட்ட துணியோட தாலிகிட்ட வராத. ஆகாது."

சுகுணா முந்தானையை இரு கைகளாலும் விரித்துக் காட்டினாள்.

"இது யாரு சேலைன்னு பாருங்க பெரியம்மா. உங்க மவ கல்யாணத்துல நீங்க கட்டினது. இது ஆகாதுன்னு உங்க வாயால இன்னொருக்கா சொல்லுங்க. இப்படியே எறங்கிப் போயிடறேன்."

முனியம்மாள் அந்த மயில்நீலத்தையும் தன் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆகாது என்றால் அது தன் மகளின் வாழ்வின் மேலல்லவா போய் விழும்! அந்த மகளும் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் முழங்கிற்று. குரு முதல் முடிச்சைப் போட்டான். மகள் கயிற்றைத் தொடாமல் ஓரடி விலகினாள்.

"நீயே போடு சுகுணா. உன் தம்பி."

பெரியம்மாவைத் தாண்டிச் சென்று, இரண்டாம் முடிச்சையும் மூன்றாம் முடிச்சையும் சுகுணா இறுக்கிப் போட்டாள்.

பின்னர்க் குடும்பப் படம் எடுக்கையில், நிறம் ஒத்துவரவில்லை, ஓரமாக நில்லுங்கள் என்று புகைப்படக்காரர் கையசைத்தார். சுகுணா மணப்பெண்ணின் அருகிலிருந்து நகரவில்லை. பின்வரிசையில் இரண்டு பெண்கள் அவளுடைய சேலையைப் பிடித்துப் பார்த்து, அந்த இளஞ்சிவப்பு தன்னுடையது, தன்னுடையது என்று தமக்குள் வழக்காடிக்கொண்டிருந்தனர். முனியம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பியே நின்றாள்.

"அப்படியே எடுங்க. அடுத்த கல்யாணத்துக்கும் இதைத்தான் கட்டிட்டு வருவேன்; எல்லாரும் இப்பவே பழகிக்கட்டும்," என்றாள் சுகுணா.