காணிக்கைப் பையில் ஒரு தொங்கட்டான்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய நீலமணித் தொங்கட்டானைப் பார்த்து, "இத நானே செஞ்சிருவேன் லா," என்றாள் டோரிஸ். கணவன் கிரிகரி சட்டைப்பையிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இதே பேச்சுக்குப் பிறகுதான் அவர்கள் வீட்டுக்கு ஒரு தையல் இயந்திரமும், கேக் அடுப்பும், யாரும் உட்காராத பிரம்பு நாற்காலியும் வந்து சேர்ந்திருந்தன.

டோரிஸ் ஒரு பல் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். மறுநாளிலிருந்து, சுங்கை வே வீட்டுக்குத் திரும்பியதும் உடைகூட மாற்றாமல் யூடியூபைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பியில் மணியைக் கோத்து, மிச்சக் கம்பியைக் குறட்டால் வட்டமாக வளைத்து, காதுக் கொக்கியில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். காணொளியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இதைச் செய்தாள். டோரிஸ் செய்தபோது வட்டம் ஒரு நேரம் முட்டையாகவும் ஒரு நேரம் கேள்விக்குறியாகவும் வந்தது. குறடு வேறு கிரிகரியின் தூண்டில் பெட்டியிலிருந்து எடுத்தது. முதல் ஜோடியில் இறால் வாடை அடித்தது.

"பூனைங்க பின்னாலயே வரும்," என்றான் கிரிகரி.

மணிகளும் சரியில்லை. பாசாரில் வாங்கிய பிளாஸ்டிக் மணி இருமல் மிட்டாய் மாதிரி இருந்தது. அப்போதுதான் இழுப்பறையில் கிடந்த ஜெபமாலை அவள் நினைவுக்கு வந்தது. கிள்ளானில் இருக்கும் கிரிகரியின் அக்கா எவலின், வேளாங்கண்ணிக்குப் போய்வந்தபோது வாங்கிக் கொடுத்தது. நீலக் கண்ணாடி, ஒவ்வொரு மணியும் ரோஜா மொட்டுப்போலச் செதுக்கியது. எப்போதோ அறுந்துபோய் மாத்திரை அட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

டோரிஸ் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு சுவரில் இருந்த மாதா படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அறுக்கல. அதுவா அறுந்துச்சு. உங்களுக்கே தெரியும்."

மாதா மறுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிள்ளானுக்குப் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்ததும் எவலின் வீட்டில் நண்டுக்கறி என்று ஏற்பாடு. டோரிஸின் காதுகளில் நீல மொட்டுகள் ஆடின. பக்கத்து வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு ஜெபத்துக்கும் தேவைக்கு மேல் தலையாட்டினாள்.

காணிக்கைப் பையை ஏந்தி வந்தது எவலின். அந்தக் கோயிலில் அவளைக் கேட்காமல் ஒரு மெழுகுவத்திகூட எரியாது. டோரிஸ் குனிந்து பைக்குள் பணத்தைப் போட்டாள். சரியாக மூடாத கம்பி வட்டம் திறந்துகொண்டது. வலது காதுத் தொங்கட்டான் பணத்தோடு சேர்ந்து உள்ளே விழுந்தது.

டோரிஸ் யோசிக்கவில்லை. கையை மணிக்கட்டுவரை பைக்குள் விட்டாள்.

எவலின் பையை இழுத்தாள். டோரிஸ் விடவில்லை. பாடகர் குழு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது.

"குடுத்தத திருப்பி எடுக்கறியா?" என்று பல்லைக் கடித்தாள் எவலின்.

"தோடு க்கா, தோடு!"

கை வெளியே வந்தது, தொங்கட்டானோடும் யாரோ போட்ட பத்து ரிங்கிட் நோட்டோடும். டோரிஸ் நோட்டை மட்டும் திரும்பப் போட்டாள். அதையும் ஊரே பார்த்தது.

பூசை முடிந்து வாசலில் எவலின் கையை நீட்டினாள். டோரிஸ் தொங்கட்டானைக் கொடுத்தாள். எவலின் மணியை உருட்டிப் பார்த்தாள்.

"இது நான் குடுத்த ஜெபமாலை."

"ஆமா க்கா."

கிரிகரிக்குத் திடீரென்று யாருடைய காரின் டயர்மீதோ அக்கறை வந்தது.

"மாதாவோட மாலைய காதுல தொங்க விட்டிருக்க!"

"இவ்ளோ நாளா மருந்துக்கு அடியில கெடந்துச்சு க்கா. இப்ப பூசைக்காச்சும் வந்துச்சு."

எவலின் தொங்கட்டானை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நண்டுக்கும் யாரும் கூப்பிடவில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். கிரிகரி அதைத் துக்க வீட்டுச் சாப்பாடுபோலச் சாப்பிட்டான்.

அந்த வாரம் டோரிஸுக்கு மனசே சரியில்லை. மணிகளைப் பிரித்து மறுபடி மாலையாகக் கோத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஆனால் அவ்வளவு அழகாக வந்திருந்ததைக் கலைக்கக் கை வரவில்லை. வட்டத்தை மட்டும் இறுக்கி மூடினாள்.

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் எவலின் வந்து நின்றாள். கையில் ஒரு மைலோ டின். மேசைமேல் கவிழ்த்தாள். அறுந்த ஜெபமாலைகள் குவிந்தன: மரமணி, முத்து, ஊதாக் கண்ணாடி.

"எங்க ஜெபக்குழு பொம்பளைங்களோடது. அறுந்தா தூக்கிப்போட பயம். எல்லாரும் எங்கிட்ட தள்ளிவிட்டுட்டாங்க."

தண்டனை என்று நினைத்தாள் டோரிஸ். "எல்லாத்தையும் கோத்துக் குடுக்கணுமா க்கா?"

எவலின் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தம்பி காதில் விழாதபடி குரலைத் தணித்தாள்.

"அந்த ஊதா இருக்கு பாரு. தவக்காலம் வருது, கோயில்ல எல்லாமே ஊதாதான். என் காதுக்கு ரொம்ப நீளமா வேணாம்."

"ஃபாதர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். அறுந்துட்டா அது வெறும் மணிதான், மண்ணுல புதைச்சிருன்னாரு. வீட்டச் சுத்தி சிமெண்டு போட்டாச்சு, மண்ணுக்கு எங்க போறது?"

டோரிஸ் குறட்டை நீட்டினாள். எவலின் அதை முகர்ந்துபார்த்து முகம் சுளித்தாலும் கம்பியைப் பிடித்து வளைத்தாள். கம்பி கட்டைவிரலில் ஏறியது. இத்தனை வருஷத்தில் டோரிஸ் அவள் வாயிலிருந்து கேட்டிராத ஒரு வார்த்தை வெளியே வந்தது. அடுப்படியில் கிரிகரி கரண்டியைக் கீழே போட்டான்.

"இழுக்காதீங்க க்கா, பக்கவாட்டுல திருப்புங்க."

ஊதா ஜோடி முடிவதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது. எவலின் இரண்டையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"ஒண்ணு நீளமா இருக்கே டோரிஸ்."

"தலைய கொஞ்சம் சாய்ச்சு வச்சுக்குங்க க்கா. பக்தியா தெரியும்."