நுனிக்கு மட்டுமே தெரிந்த திசை

தொட்டிக்குள் அது ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, மத்தியான உறக்கத்தில் யாரோ கையை நீட்டியதுபோல, விசிறியாய்ப் பரந்த பச்சை ஊசிகளோடு, மூன்று வருடமாகக் குச்சி கட்டி நிமிர்த்துகிறேன், கயிற்றை அவிழ்த்தால் மறுபடி சாய்கிறது, என்னடி உன் மரம் எந்திரிக்கவே மாட்டேங்குது என்று ரெஜினா அக்கா சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோத்தகிரியில் அவள் வாடகை வீட்டு வாசலில் நிற்கும் அரக்கேரியாவை, ஊரார் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்வதை, அவள் கல்யாணத்தன்று நட்டார்கள், இந்த டிசம்பரோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது மூன்று வருடம் முன்பே தெரியும், அதுக்குள்ள இதோட பிள்ளை ஒண்ணு உங்க கையில தர்றேன்கா என்று, நர்சரியில் வேலை பார்க்கும் நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

நர்சரியில் துஜாச் செடியில் எந்தக் கிளையை ஒடித்து நட்டாலும் நிமிர்ந்துவிடும், ஜூனிபரின் இலை சின்ன வயதில் முள்ளாய்க் குத்தி, வளர்ந்தபின் செதிலாய் அடங்கும், அதிலும் எந்தக் கிளையானாலும் மேலேதான் போகும், அந்தப் பழக்கத்தில் இதிலும் பக்கக் கிளையை வெட்டி நட்டுவிட்டேன், தொட்டியில் சாய்ந்து கிடப்பது அதுதான், அரக்கேரியாவின் பக்கக் கிளையோ எங்கே நட்டாலும் பக்கவாட்டில்தான் போகும், வானம் அதன் நுனிக்கு மட்டுமே தெரியும், நுனியை வெட்டி மரத்தை மொட்டையாக்க அக்காவுக்கு மனம் வரவில்லை, தை மாதம் உச்சி மின்கம்பியைத் தொட்டது, லைன்மேன் போஜன் அண்ணன் ஏணியோடு வந்தார், தலையை மட்டும் முழுசா இறக்குங்கண்ணா என்றேன், தலையக் கேக்குற பொண்ண இப்பத்தான் பாக்குறேன் என்று சிரித்தபடி ஏறினார், அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள், ஐந்து கிளைகள் நட்சத்திரமாய் விரிந்த அந்த உச்சியைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினேன், மணலில் நட்டேன், பாலித்தீனால் மூடினேன், பங்குனிக்குள் அது அடியிலிருந்து பழுத்துக் காய்ந்தது, நர்சரியில் பொன்னிற சைப்ரஸ் செடிகளின் வரிசைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நல்லா இருக்குக்கா, வேர் விடுதுக்கா என்று வாரா வாரம் பொய் சொன்னேன்.

மே மழை விட்ட ஒரு காலையில் அக்கா தன் வீட்டு வாசலுக்குக் கூப்பிடுகிறாள், மரியாதையா சொல்லு, செத்துப்போச்சுதானே, ஆமாக்கா, ஏன்டி மறைச்ச, பயமா இருந்துச்சுக்கா, அவள் திட்டவில்லை, என் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறாள், மேல பாரு, வெட்டின இடத்துக்குக் கீழே, அடிமரத்திலிருந்தே இரண்டு தளிர்கள், அரைச் சாண் உயரம், பக்கம் பார்க்காமல் நேராக மேலே, தலைய வாங்கினாலும் ரெண்டா முளைக்குது பாரு, திமிர் பிடிச்சது, ஒண்ணு எனக்கு, ஒண்ணு மரத்துக்கு, போய் ஏணிய எடுத்துட்டு வா, டிசம்பருக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு, நான் ஏறுகிறேன், பனி கலைகிறது, வெட்டிய தளிரை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்திருக்கிறேன், குச்சி இல்லை, கயிறு இல்லை, அது சாயவில்லை.